மூக்குப்பேணியும் மூச்சுக்குழாயும்

தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்று ஒரு பெயர் உண்டு. அங்கே மடமொன்றில் பந்தியில் இருக்கும்போது, உங்கள் இலையை விட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்சம் பாருங்கள். சப்பாணி கட்டி இருக்கிறார். இலை நிலத்தில் கிடக்கிறது. சோற்றைக் குழைத்து எடுக்கக் கை தாழ்கிறது, முதுகு வளைகிறது, நாடி நெஞ்சை நோக்கி இறங்குகிறது. அந்த நிலையிலேயே வாயில் வைத்து விழுங்குகிறார். பிறகு தண்ணீர் வருகிறது. அதே மனிதர் முதுகை நிமிர்த்தி, தலையைப் பின்னே சரித்து, செம்பை உதட்டில் படாமல் உயர்த்தி, வாய்க்குள் ஊற்றிக்கொள்கிறார். சோற்றுக்குக் குனிகிறோம், தண்ணீருக்கு அண்ணாக்கிறோம்.

நலமாக இருப்பவருக்கு இதில் ஒரு கேடும் இல்லை. பாரிசவாதம் வந்து வாய் கோணியவருக்கும், பார்க்கின்சன் நோயால் தசை இறுகியவருக்கும், முதுமை மறதி முற்றியவருக்கும், நாக்கிலோ தொண்டையிலோ புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கும் நிலைமை வேறு. தலை சில அங்குலம் முன்னே இருப்பதா பின்னே இருப்பதா என்பதைப் பொறுத்து ஒரு வாய்த் தண்ணீர் வயிற்றுக்கும் போகலாம், நுரையீரலுக்கும் போகலாம்.

ஆனால் வடமராட்சியில் இப்படிப்பட்ட நோயாளியின் கட்டிலருகே போய் நின்றால் கேட்கிற வாக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: "தலையை அண்ணாத்திப் பிடிச்சு ஊத்து பிள்ளை, அப்பத்தான் இறங்கும்." சொல்பவர் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண். அன்பினால் சொல்கிறார். அண்மைக் காலத்தில் இதற்கு எதிர்வாக்கு ஒன்றும் புறப்பட்டிருக்கிறது: "நாடியைக் குனிஞ்சு விழுங்கச் சொல்லுங்கோ, ஒண்டும் புரைக்கேறாது." முதல் வாக்கு பிழை. இரண்டாவது வாக்கு சிலருக்குச் சரி. எல்லாருக்குமான விதியாகச் சொல்லும்போது அதுவும் பிழை. இரண்டையும் மறுக்கவே இதை எழுதுகிறேன். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்குத் தலையின் நிலை ஒரு சிகிச்சை. எந்த நிலை என்பதை, விழுங்கும் வேலையில் எந்த இடம் பழுதாகியிருக்கிறது என்று பார்த்த பிறகே சொல்ல முடியும். இதுதான் என் கட்சி.

விழுங்குதல் எப்படி நடக்கிறது என்பதை எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கத் தொண்டைமானாற்றுத் தடுப்பணையே போதும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. மாரி வெள்ளம் திரண்டால் கதவைத் திறந்து கடலுக்கு விட வேண்டும். மற்ற வேளையில் மூடி, கடல்நீர் உள்ளே ஏறாமல் காக்க வேண்டும். கதவு உளுத்துப்போனாலும் உவர் உள்ளே வரும்; நல்ல கதவே ஆனாலும் மூடப் பிந்தினால் உவர் உள்ளே வரும். தொண்டையும் இப்படி ஒரு கதவை நம்பி இருக்கிற இடம். முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய், இரண்டுக்கும் பொதுவாக மேலே ஒரே பாதை. நாக்கு கவளத்தைப் பின்னே தள்ளியதும் மூச்சு நிற்கிறது. குரல்வளை மேலும் முன்னுமாக எழுகிறது. கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள், அது ஏறி இறங்குவது தெரியும். உள்ளே குரல்நாண்கள் மூடுகின்றன, குரல்வளை மூடி அவற்றின் மேல் கவிகிறது, எப்போதும் இறுகியிருக்கும் உணவுக்குழாயின் வாசல் அந்தக் கணத்துக்கு மட்டும் திறக்கிறது. இவ்வளவும் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் முடிகிறது. இதில் ஒன்று பிந்தினாலும் ஒன்று பலவீனப்பட்டாலும் கதவு தவறிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது "அண்ணாத்தினால் இறங்கும்" என்ற வாதத்தை எடுப்போம். அதற்கு அடியில் இருப்பது தொண்டை ஒரு குழாய், சரித்தால் வழியும் என்ற நினைப்பு. தொண்டை அப்படி வேலை செய்வதில்லை. தலைகீழாக நிற்பவராலும் விழுங்க முடியும். எடையே இல்லாத விண்வெளியில் இருப்பவரும் விழுங்கித்தான் சாப்பிடுகிறார். தள்ளுவது தசை, அந்தத் தசைக்குக் கட்டளை கொடுப்பது மூளை. பாரிசவாதத்தில் கெடுவது அந்தக் கட்டளை. கட்டளை பிந்துகிறவருக்குத் தலையைப் பின்னே சரித்தால் நடப்பது என்ன? தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும். கதவு இன்னும் மூடியிராது. தண்ணீர், தேநீர், சொதி ஆகியவை எல்லாவற்றிலும் வேகமாக ஓடுபவை. நாம் அண்ணாத்தி ஊற்றுவதும் பெரும்பாலும் அவற்றைத்தான்.

இதற்கு மேலும் ஒரு சான்று வேண்டுமா? முதலுதவி வகுப்பில் இருந்த பள்ளிப் பிள்ளையைக் கேளுங்கள். மயங்கிக் கிடப்பவரின் மூச்சுவழியைத் திறக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், நெற்றியில் கை வைத்துத் தலையைப் பின்னே சரித்து நாடியை உயர்த்த வேண்டும் என்று சொல்லும். காற்று போவதற்காக நாம் திறந்து வைக்கிற அதே வழியை அதே கையால் திறந்து வைத்துவிட்டு, அதற்குள் பிளேன்ரீயை ஊற்றுகிறோம். காற்றுக்குத் திறந்த கதவு தண்ணீருக்கும் திறந்த கதவுதான்.

அண்ணாந்து குடிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் மூக்குப்பேணி இருந்தது. வெண்கலத்திலோ பித்தளையிலோ செய்து, பக்கத்தில் மூக்கு வைத்த பாத்திரம். உதடு படாமல் தண்ணீரை ஊற்றிக் குடிப்பதற்கே அதன் வடிவம். எச்சில் படக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். யாருடைய எச்சில் யாருக்குத் தீட்டு என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்த சமூகத்தில் அந்த மூக்கு வெறும் அழகுக்காக முளைக்கவில்லை. ஆகவே அண்ணாந்து குடித்தல் ஆசாரத்திலிருந்து வந்தது. வைத்தியத்திலிருந்து அது வரவில்லை. இன்று மூக்குப்பேணி கண்ணாடி அலுமாரிக்குள் போய்விட்டது. அது பழக்கிய கழுத்து மட்டும் நோயாளியின் கட்டிலருகே இன்னும் வேலை செய்கிறது. ஓர் ஆசாரம் மருந்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பி அனுப்பத் தயங்கக்கூடாது.

"எங்கட பேரன் பூட்டன் எல்லாம் அண்ணாந்து குடிச்சவைதானே, அவைக்கு என்ன வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நலமான தொண்டையில் தேவைக்கு மேலான பலம் கையிருப்பாக இருக்கிறது. கதவு சற்றுப் பிந்தினாலும் இருமல் உடனே எழுந்து உள்ளே போனதை வெளியே தள்ளிவிடும். நோய் முதலில் தின்பது அந்தக் கையிருப்பைத்தான். நேற்று வரை கடலில் வள்ளம் தள்ளியவருக்கு இன்று கரண்டி பிடிக்க முடியவில்லை என்றால் அவருடைய கை மாறிவிட்டது என்று ஏற்றுக்கொள்கிறோம். தொண்டையும் மாறிவிட்டது என்பதை மட்டும் ஏன் ஏற்க மறுக்கிறோம்? பேரன் பூட்டனில் எத்தனை பேர் பாரிசவாதத்தில் படுத்துச் சில வாரங்களில் "சளி கட்டிச்" செத்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சளி எப்படி வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாதம் இன்னும் ஆபத்தானது. "அவ இருமேல்லைத்தானே, அப்ப புரைக்கேறேல்லை." புரைக்கேறினால் "ஆரோ நினைக்கினம்" என்று உச்சியில் தட்டிச் சிரிக்கிற வழக்கம் நமக்கு உண்டு. நலமானவருக்கு அது விளையாட்டு. நோயாளியிடம் இருமல் வருவது உண்மையில் நல்ல செய்தி. தொண்டையின் காவல்காரர் இன்னும் விழித்திருக்கிறார் என்று பொருள். உணர்ச்சி நரம்பு மரத்துப்போனவருக்குத் தண்ணீர் குரல்நாணைத் தாண்டி உள்ளே இறங்கும், ஓர் இருமல் கூட வராது. பார்த்துக்கொண்டிருப்பவர் "நல்லாய்க் குடிச்சிட்டா" என்று மகிழ்வார். இரண்டு நாளில் காய்ச்சல் வரும்.

இது அபூர்வமான நிலைமை என்று யாரும் எண்ண வேண்டாம். பாரிசவாதம் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த 2005 ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்றின்படி, பாரிசவாத நோயாளரில் 37 முதல் 78 விழுக்காட்டினருக்கு விழுங்குவதில் கோளாறு காணப்படுகிறது. கட்டிலருகே தண்ணீர் கொடுத்துப் பார்த்தால் தொகை குறைவாகத் தெரிகிறது. கருவி வைத்துப் பார்த்தால் மிக உயர்கிறது. கண்ணால் பார்த்து நாம் தவறவிடுபவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த இடைவெளியே சொல்கிறது. அதே மதிப்பீட்டின்படி விழுங்கும் கோளாறு உள்ளவருக்கு நியூமோனியா வரும் வாய்ப்பு மற்றவரைவிட மூன்று மடங்கு. உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது உறுதியானவருக்குப் பதினொரு மடங்குக்கு மேல்.

என் அம்மம்மாவுக்கு வலப்பக்கம் இழுத்தபோது எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி அனுப்பினார்கள். மருந்துப் பட்டியல் இருந்தது, அடுத்த கிளினிக் திகதி இருந்தது. எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்பதற்கு ஒரு வரி இல்லை. சின்னம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி, தலையணையில் சாய்ந்திருந்த அம்மம்மாவின் பிடரியில் ஒரு கையைக் கொடுத்து, மற்றக் கையால் கிளாசைச் சரித்துப் பால்தேத்தண்ணி பருக்குவா. குடித்து முடிந்ததும் அம்மம்மாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். மூன்று மாதத்தில் மூன்று தரம் காய்ச்சல். ஒவ்வொரு தரமும் "வயது போனால் சளி கட்டுறதுதானே" என்றார்கள்.

மூன்றாவது தரத்தில்தான் ஒரு பேச்சு மொழிச் சிகிச்சையாளரைக் கண்டோம். இளம் பிள்ளை. அவர் முதலில் செய்த காரியம், ஒரு கதிரையை இழுத்து அம்மம்மாவின் கண்ணுக்குக் கீழாக இருந்ததுதான். சின்னம்மா நின்றுகொண்டு ஊட்டியபோது அம்மம்மா ஒவ்வொரு வாய்க்கும் மேலே பார்த்திருக்கிறா. நாங்கள் பிடரியைத் தூக்காத வேளையிலும் அவவாகவே அண்ணாந்திருக்கிறா. அன்றுதான் அது எங்களுக்கு விளங்கியது. தொண்டைக்குள் சிறு கமரா விட்டுப் பார்த்த பிறகு, தலையை வலப்பக்கம் திருப்பி விழுங்கப் பழக்கினார். பழுதான பக்கம் எதுவோ அந்தப் பக்கமே திருப்பச் சொன்னது எங்களுக்கு விசித்திரமாக இருந்தது. ஏன் என்று அவர் விளக்கினார். நானும் கீழே சொல்கிறேன்.

ஒரு வீட்டுக் கதை சான்று ஆகாது. ஆகவே இரண்டாவது வாக்குக்கு, அதாவது "நாடியைக் குனிந்தால் போதும்" என்ற புதிய விதிக்கு, ஆய்வுகளோடு வருகிறேன்.

தலையின் நிலையை மாற்றி விழுங்கவைக்கும் முறைகளை ஒழுங்கான சிகிச்சையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரி லோகமன். விழுங்கும் கோளாறுகளை மதிப்பிடுவது பற்றியும் சிகிச்சை பற்றியும் 1983 இல் அவர் எழுதிய நூல் இத்துறைக்கு அடித்தளம் ஆயிற்று. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, அது இறங்குவதை அசையும் எக்ஸ்ரேயில் பார்த்து, எந்த நிலையில் யாருக்குக் கதவு சரியாக மூடுகிறது என்று ஒவ்வொருவராகச் சோதித்தார்கள்.

நாடியைத் தாழ்த்தும்போது நாக்கின் அடி பின்னே போகிறது, மூச்சுக்குழாயின் வாசல் ஒடுங்குகிறது. விழுங்கும் கட்டளை பிந்துகிறவருக்கு இது நல்ல உதவி. ஆனால் 1993 இல் லோகமனின் குழுவினர், கட்டளை பிந்துவதால் உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிற 30 நோயாளரை நாடியைத் தாழ்த்தி விழுங்கவைத்துப் பார்த்தார்கள். 15 பேருக்குப் பயன்பட்டது, 15 பேருக்குப் பயன்படவில்லை. பயன்படாதவர்களிடம் உணவு குரல்வளைக்கு இருபுறமும் கீழே உள்ள பள்ளங்களில் போய்த் தேங்கியிருந்தது. தலை குனிந்தபோது அங்கிருந்து வழிந்து உள்ளே போயிற்று. ஒரே நோய், ஒரே நிலை, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறுங்கை. இதைத் தெரிந்த பிறகும் "எல்லாரும் குனியுங்கோ" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

மற்ற நிலைகளையும் பாருங்கள். தொண்டையின் ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தவருக்குத் தலையை அந்த நலிந்த பக்கமே திருப்பச் சொல்கிறார்கள். திருப்பினால் நலிந்த பக்கத்துப் பாதை அடைபடும். உணவு பலமான பக்கத்தால் இறங்கும். உணவுக்குழாய் வாசலின் இறுக்கமும் சற்றுத் தளரும். மூளையின் அடித்தண்டில் ஒரு பக்கம் பாரிசவாதம் வந்தவர்களிடம் இதன் பயனை லோகமனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1989 இல் எழுதினார்கள். ஆனால் திருப்பாமல் தோளை நோக்கிச் சரிக்கும்போது கணக்கு நேர்மாறு. பலமான பக்கம் சரிக்க வேண்டும். எடை அந்தப் பக்கமே உணவை இழுக்கும். திருப்புவது நலிந்த பக்கம், சரிப்பது பலமான பக்கம். இரண்டையும் மாற்றிச் செய்தால் உதவி உபத்திரவம் ஆகும். "தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைச்சுக் குடுங்கோ" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிற அறிவுரை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இன்னும் ஒன்று, என் வாதத்துக்கே எதிராக நிற்பது போலத் தோன்றுவது. சிலருக்கு உண்மையிலேயே அண்ணாந்து விழுங்குவதுதான் சிகிச்சை. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலைதான் அதற்குப் பெருங்காரணம். நாக்கின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த நோயாளியால் கவளத்தைப் பின்னே தள்ள முடியாது. ஆனால் தொண்டைக்குக் கீழே எல்லாம் நலமாக இருந்து, கதவு நேரத்துக்கு மூடுமானால், தலையைப் பின்னே சரிப்பது நாக்கின் வேலையைச் செய்து கொடுக்கும். நாக்கு போய்க் கதவு நல்லாக இருப்பவருக்கு அண்ணாத்துவது துணை. நாக்கு இருந்து கதவு பிந்துகிறவருக்கு அதே அண்ணாத்துவது நஞ்சு. அண்ணாத்துவதை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யச் சொல்லவில்லை. பார்க்காமல் செய்வதைத் தடைசெய்யச் சொல்கிறேன்.

"குனிதல்" என்ற சொல்லிலேயே குழப்பம் உண்டு. தலையை மட்டும் தாழ்த்தி நாடியைக் கழுத்தோடு ஒட்டவைப்பது ஒன்று; கழுத்து முழுவதையும் முன்னே வளைப்பது இன்னொன்று. இரண்டும் தொண்டைக்குள் ஒரே மாற்றத்தைச் செய்வதில்லை. 2007 இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ள சிகிச்சையாளர்களிடம் "நாடியைத் தாழ்த்துவது" என்றால் என்ன என்று கேட்டபோது, அவர்களே வேறு வேறு நிலைகளைச் சொன்னார்கள். படித்தவர்களுக்கே செய்து காட்டினால்தான் விளங்குகிற ஒன்றைத் தொலைபேசியில் வாய்வார்த்தையாகக் கேட்டு வீட்டில் எப்படிச் செய்வது?

இந்த இடத்தில் மூன்றாவது கட்சிக்காரர் எழுவார். "குனிந்தாலும் உத்தரவாதம் இல்லை, திருப்பினாலும் உத்தரவாதம் இல்லை என்றால், மூக்கால ரியூப்பைப் போட்டிட்டு இருக்க வேண்டியதுதானே?" அல்லது, "தண்ணியே குடுக்காமல் எல்லாத்தையும் தடிப்பாக்கிக் குடுத்தால் முடிஞ்சுது." இவர்களிடமும் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. முதுமை மறதியோ பார்க்கின்சனோ உள்ள 711 பேரை வைத்து 2008 இல் வெளியான பெரிய ஆய்வில், நாடியைத் தாழ்த்திக் குடித்தபோது 68 விழுக்காட்டினருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போயிற்று; தேனளவு தடிப்பாக்கிய பானத்தில் அது 53 விழுக்காடு. எக்ஸ்ரே அறைக்குள் தடிப்பே வென்றது.

ஆனால் மனிதர் எக்ஸ்ரே அறைக்குள் வாழ்வதில்லை. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 515 பேரை மூன்று மாதம் கவனித்தார்கள். நாடியைத் தாழ்த்திக் குடித்தவர்களில் 9.8 விழுக்காட்டினருக்கும், தடித்த பானம் குடித்தவர்களில் 11.6 விழுக்காட்டினருக்கும் நியூமோனியா வந்தது. புள்ளிவிபரக் கணக்குப்படி அது ஒரு வேறுபாடே இல்லை. உடலில் நீர் வற்றியவர்கள் முதல் கூட்டத்தில் 2 விழுக்காடு, தடித்த பானக் கூட்டத்தில் 6 விழுக்காடு. பசை போன்ற தண்ணீரை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை, குடிக்காமலே விட்டுவிடுவார்கள். எங்கள் வெயிலில் அதன் பொருளை நான் சொல்லத் தேவையில்லை. அரிசிமாக் கஞ்சியாகத் தடிப்பாக்குவோருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: எச்சில் பட்டதும் மா கரைந்து கஞ்சி மீண்டும் நீர்த்துவிடும்.

ரியூப்பைப் பற்றி: பாரிசவாதம் வந்த முதல் நாட்களில், விழிப்பே சரியாக இல்லாதபோது, அது உயிர் காக்கும் கருவி. அதை மறுப்பவன் நான் அல்லன். ஆனால் ரியூப் உணவைத்தான் சுற்றுவழியால் அனுப்புகிறது, எச்சிலை அல்ல. வாயில் ஊறும் எச்சிலும், வயிற்றிலிருந்து மேலே எழுவதும் அதே பழைய வழியால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். முதுமை மறதி முற்றியவர்களுக்குக் குழாய் உணவைவிடக் கையால் பொறுமையாக ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. ரியூப் போட்ட பிறகு "இனி வாயால ஒண்டும் இல்லை" என்று முடித்துவிடுவது பலருடைய தொண்டைக்குத் திரும்பி வரக்கூடிய பலத்தையும் பழகாமல் பாழாக்குகிறது. வாய்க்குச் சுவை இல்லாமல் போனவர் எங்களைப் பார்க்கிற பார்வையை ஒரு தரம் பார்த்தவர் இதை இலேசாகச் சொல்லமாட்டார்.

கடைசி வாதம் ஏழ்மையின் வாதம். "இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. இங்க ஆர் இருக்கினம் பார்க்க?" இதில் கோபப்பட நியாயம் இருக்கிறது. இலங்கையில் பேச்சு மொழிச் சிகிச்சைக்கான படிப்பை முதலில் தொடங்கியது ராகமவில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம். தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் தேவைக்கு மிகக் குறைவு. "பேச்சு" என்று பெயரில் இருப்பதால், கதைக்காத பிள்ளைக்கு மட்டுமானவர் அவர் என்று எங்கள் சனம் நினைக்கிறது. பேசுவதும் விழுங்குவதும் ஒரே வாய், ஒரே நாக்கு, ஒரே குரல்வளை. விழுங்கும் கோளாறும் அவருடைய வேலைதான்.

ஆனால் ஆள் குறைவு என்பது பிழையான பழக்கத்தைத் தொடர்வதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. நிபுணர் வரும்வரை ஒரு வீடு தானாகவே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நோயாளி நன்றாக விழித்திருக்கும்போது மட்டும் கொடுங்கள். சிகிச்சையாளர் வேறு நிலை சொல்லாத வரை, முதுகை நிமிர்த்தி இருத்துங்கள். சாப்பிட்ட பின்னும் அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும். நின்றுகொண்டு ஊட்டாதீர்கள். தேக்கரண்டி அளவே கொடுத்து, விழுங்கி முடிந்ததைக் கண்டபின் அடுத்ததைக் கொடுங்கள். கிளாசின் அடியில் கிடக்கும் கடைசி மிடறுக்காகவே தலை பின்னே போகிறது. ஆகவே அகன்ற வாய்க் கோப்பை எடுங்கள், முழுதாகக் கவிழ்க்காதீர்கள். புட்டு உதிரும், சொதி ஓடும். இரண்டையும் சேர்த்து ஒரே வாயில் கொடுப்பது பலவீனமான தொண்டைக்குக் கடுமையான சோதனை. கூழும் அப்படியே, நீரும் மீனும் பயிற்றங்காயும் ஒன்றாக வருகிற உணவு அது. நன்றாகக் குழைத்த சோறு இவற்றைவிட மேல்.

எல்லாவற்றுக்கும் மேலாக வாயைத் துப்புரவாக வைத்திருங்கள். நுரையீரலுக்குள் போவது வெறும் தண்ணீர் மட்டும் இல்லை. பல்லிலும் நாக்கிலும் வளர்ந்த கிருமிகளையும் அது கொண்டு போகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்து 2002 இல் வெளியான ஆய்வில், ஒழுங்காக வாய் சுத்தம் செய்யப்பட்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கே நியூமோனியா வந்தது. மற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கு வந்தது. ஒரு பல்துலக்கியின் விலைதான் இந்த வைத்தியத்தின் செலவு. முன்னதாக 1998 இல் சூசன் லாங்மோர் தலைமையில் வெளியான ஆய்வு, நியூமோனியாவுக்கு முன்னறிகுறிகளாக நின்றவற்றில் முதன்மையானது பிறர் கையால் ஊட்டப்படுவது என்று காட்டியது. ஊட்டுகிற கைதான் இந்தக் கதையின் நடுவில் இருக்கிறது. அந்தக் கைக்கு நாம் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

குடித்த பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தால், ஒரு நேரச் சாப்பாடு அரைமணி கடந்தும் முடியாவிட்டால், காரணம் தெரியாமல் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால், உடல் மெலிந்தால், "வயது" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். "விழுங்கிறதைப் பார்க்க வேணும்" என்று அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சுகாதாரத் துறையினரிடம் நான் வேண்டுவதும் பெரிய கட்டிடம் இல்லை. பாரிசவாத நோயாளி யாருக்கும் வாயால் எதையும் கொடுக்கு முன் விழுங்குவதைச் சோதிப்பது எல்லா விடுதியிலும் கட்டாயமாகட்டும். துண்டு வெட்டி அனுப்பும்போது, எந்த நிலையில் இருத்தி, எந்தப் பக்கம் தலையை வைத்து, எதை எவ்வளவு கொடுப்பது என்று தமிழில் ஒரு தாள், படத்தோடு, கையில் போகட்டும். அதை மிஸ்ஸி ஒரு தரம் செய்து காட்ட, வீட்டுக்காரர் ஒரு தரம் செய்து காட்டிய பிறகே நோயாளி வெளியேறட்டும். வடக்கின் பிள்ளைகள் பேச்சு மொழிச் சிகிச்சை படிக்க வழி திறக்கட்டும். பல்கலைக்கழகம் போகக் காத்திருக்கும் மாணவரே, இப்படி ஒரு படிப்பு இருக்கிறது, உங்கள் ஊருக்கு அது வேண்டும்.

நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கும் அக்காவுக்கும், சின்னம்மாவுக்கும், மகனுக்கும் கடைசியாக ஒரு சொல். நீங்கள் இதுவரை செய்தது அறியாமல் செய்தது. அதற்காக மனம் நோகாதீர்கள். இன்று பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கப் போகும்போது ஒரு கதிரையை இழுத்து, அவருடைய கண்ணுக்குக் கீழாக இருங்கள். பிடரியிலிருந்து கையை எடுங்கள். கரண்டியைக் கீழிருந்து கொண்டு போங்கள். அவர் உங்களைப் பார்க்கத் தலையைத் தாழ்த்துவார்.